மெய்யப்பனுக்கு, நம்மூர் ரோட்டைப் பற்றி

அன்புள்ள மெய்யப்பா,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்குக் காதுகுத்து, அதற்கு முன்னால் எனக்கு இடது கண்ணில் ஆபரேஷன். இப்போது நன்றாகத் தெரிகிறது, இனிமேல் சீட்டாட்டத்தில் நீ என்னை ஏமாற்ற முடியாது.

முன்னோர் படைப்புக்கு வந்தபோது நம்மூர் ரோட்டில் கார் அடியில் இடித்ததையும், பின் சீட்டில் ஆச்சி போட்ட சத்தத்தையும் நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்து முடித்த பிறகுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் ஒன்றியத்தில் ஓவர்சீயராகக் குப்பை கொட்டினாயே, ரோடு பராமரிப்பை மொத்தமாகத் தனியாருக்கு விட்டுவிட்டால் என்ன, வான்கூவரில் அப்படித்தான் என்று மகன் சொல்கிறான் என்று கேட்டிருக்கிறாய். ரிட்டையர் ஆன பிறகு என்னிடம் ரோட்டைப் பற்றிக் கேட்கிற ஒரே ஆள் நீதான், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

உன் மகன் சொல்வதில் முக்கால்வாசி சரி. வான்கூவர் இருக்கிற கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1988-இலிருந்து மாகாண அரசின் ரோடுகளைப் பராமரிப்பது தனியார்தான். மாகாணத்தை 28 பகுதிகளாகப் பிரித்துப் பத்து வருஷ ஒப்பந்தமாகக் கொடுக்கிறார்கள், பனி அள்ளுவதிலிருந்து மதகு சுத்தம் செய்வது வரை அதற்குள் வந்துவிடும். ஆனால் அவன் குடியிருக்கும் வான்கூவர் நகரத் தெருக்கள் இதில் சேராது, அது நகராட்சியின் பாடு. ஊர்ப்புற ரோடுகள்தான் இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன.

சரி, இங்கே கான்ட்ராக்ட் விடாத ரோடு எது, சொல்லு? நீயும் நானும் அழகப்பா கல்லூரியில் படித்துவிட்டு வெளியே வந்த காலத்திலிருந்தே தார் போடுவது கான்ட்ராக்டர்தான், குழி அடைப்பதும் கான்ட்ராக்டர்தான். 1998-இல் டெண்டர் வெளிப்படைச் சட்டம் வந்தது, பெட்டியில் கவர் போட்டது போய் இப்போது எல்லாம் ஆன்லைன். விடுகிறோமா இல்லையா என்பதில் விவகாரமே இல்லை. விலை கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதில்தான் இருக்கிறது. நாம் வாங்குவது தார். இத்தனை சதுர மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் கனத்தில் பிரிமிக்ஸ் என்கிற தார்-ஜல்லிக் கலவை, மேலே தண்ணீர் இறங்காமல் மூட ஒரு சீல் கோட், எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் அளவு ஏறியதும் பில். அதோடு அந்த ரோட்டுக்கும் போட்டவருக்கும் உறவு முடிந்தது என்று வைத்துக்கொள். உத்தரவாதக் காலம் என்று ஒன்று காகிதத்தில் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு அவரைத் திரும்ப வரவழைக்கிற அதிகாரியைத்தான் காணோம். உன் மகன் ஊரில் வாங்குவது ரோட்டின் நிலைமையை. குழி இருக்கக்கூடாது, தண்ணீர் நிற்கக்கூடாது, எப்படிச் செய்வாயோ அது உன் பாடு என்று மாதாமாதம் பணம் கொடுக்கிறார்கள்.

இந்த மாதிரி நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், ரோடு போட்டவரே ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்று டெண்டரிலேயே இருக்கும். அதற்கு இமார்க் என்று ஒரு கணினி ஏற்பாடு, முதலில் மத்தியப் பிரதேசத்தில் வந்தது, பிறகு நாடு முழுக்கப் பரவியது. இன்ஜினியர் ரோட்டில் போய் இடக்குறிப்போடு போட்டோ எடுத்து ஏற்றினால், நிலைமையைப் பார்த்துப் பணம் போகும். எத்தனை குழி அடைத்தாய் என்ற கணக்கே கிடையாது. நம் நெடுஞ்சாலைத் துறையும் பொள்ளாச்சிப் பக்கம் முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை ஐந்து வருஷத்துக்கு ஒரே ஒப்பந்தமாகக் கொடுத்தது. மோசமான யோசனை என்று சொல்ல மாட்டேன். அகலமான, வண்டி ஓட்டம் உள்ள ரோட்டுக்குச் சரிப்பட்டு வரும்.

நம்மூர் ரோட்டுக்கு வருவோம். நீ வந்த வழியில் காரைக்குடியிலிருந்து வரும் பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம். அங்கே திரும்பி உள்ளே வருவது ஊராட்சி ஒன்றிய ரோடு. ஊருக்குள் பிள்ளையார் கோயிலைத் தாண்டினால் ஊராட்சி ரோடு. கார் இடித்தது நடுவில் உள்ளதில். இதில் ஒரு வேடிக்கை, பெரிய ரோட்டுக்காவது சாலைப் பணியாளர் என்று ஆள் இருக்கிறார்கள், புல் வெட்டவும் ஓரம் சரிக்கட்டவும். 1997 வாக்கில் சுமார் 10 ஆயிரம் பேரை எடுத்தார்கள், 2002-இல் ஒரே கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள், 2006-இல் திரும்பக் கூப்பிட்டார்கள். நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் போராடிய செய்தியை நீயும் பேப்பரில் படித்திருப்பாய். ஒன்றிய ரோட்டுக்கு அந்த ஆளும் கிடையாது. தார் போட்ட அன்றைக்கு ரோலரோடு போனவர்கள் போனவர்கள்தான், அடுத்த தார் வரைக்கும் மனுஷ வாடையே இருக்காது.

அந்த இடைவெளியில்தான் ரோடு சாகிறது. ஒன்றியத்தில் இருந்தபோது ஒவ்வொரு மழைக்கும் இதைப் பார்த்தேன், இப்போது திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறேன். 3.75 மீட்டர் அகல ரோட்டுக்கு நடுவில் ஓரத்தைவிட ஐந்து சென்டிமீட்டர்தான் உயரம், தண்ணீர் இரண்டு பக்கமும் வழிய அது போதும். போட்ட முதல் வருஷம் நன்றாக வழியும். அப்புறம் ஓரத்தில் அருகம்புல் பிடிக்கும், அது புழுதியைப் பிடித்து வைக்கும், மூன்று வருஷத்தில் மண் ஓரம் தாரைவிட உயர்ந்துவிடும். அதன்பிறகு மழை பெய்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் ரோட்டின் மேலேயே நீளவாக்கில் ஓடும், பள்ளமான இடத்தில் நிற்கும். நின்ற தண்ணீர் ஜல்லியிலிருந்து தாரை உரித்துவிடும், அடியில் இருக்கிற செம்மண் ஊறிச் சகதியாகும். அந்த நேரம் பார்த்து கிரஷரிலிருந்து எம்-சாண்ட் ஏற்றின டிப்பர் ஒன்று போனால் முடிந்தது கதை. அச்சில் விழும் பாரம் இரட்டித்தால் சேதம் இரட்டிக்காது, ஏறக்குறைய 16 மடங்காகும், அமெரிக்காக்காரன் 1960 வாக்கிலேயே ரோடு போட்டு வண்டி ஓட்டிப் பார்த்து எழுதி வைத்த கணக்கு. 2018-இல் சட்டப்படியான அச்சுப் பாரத்தையே உயர்த்திவிட்டார்கள், இவர்கள் அதற்கும் மேலே ஏற்றுகிறார்கள்.

போன ஐப்பசியில் அடைமழை பெய்த அன்று ஊருணி வளைவில் முழங்கால் அளவு தண்ணீர். குடை பிடித்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர், தலையில் மழைக்குச் சாக்குக் கொங்காணி, வீட்டிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்து, ஓரத்து அருகம்புல் மேட்டை ஒரு முழ அகலத்துக்கு நாலு இடத்தில் வெட்டிவிட்டார். வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்தான், தண்ணீர் சலசலவென்று இறங்கி ஊருணிக்குள் போய்விட்டது. அவருக்கு ரோட்டைப் பற்றிக் கவலை இல்லை, ஆடு தாண்ட வேண்டும். நீ வந்தபோது அந்த வளைவில் உன் கார் இடிக்கவில்லை, கவனித்தாயா? இடித்தது அதற்கு அடுத்த குழாய்ப் பாலத்தருகே. அங்கே குழாய் முழுக்கச் சீமைக்கருவேலங் குப்பையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கிடந்து, தண்ணீர் ரோட்டின் மேலேறித்தான் போனது.

இப்போது அந்தப் பெரியவர் செய்த வேலையை எந்த டெண்டரில் எழுதுவாய்? எத்தனை கன மீட்டர் என்று எம்-புக்கில் ஏற்றுவாய்? அளந்தால் ஐம்பது ரூபாய் வேலைகூட இல்லை, ஆனால் அந்த மழை நேரத்தில் அந்த இடத்தில் ஆள் இருக்க வேண்டும், அதுதான் சரக்கு. அதை மதுரையிலோ சென்னையிலோ ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனியால் விற்க முடியாது. முந்நூறு கிலோமீட்டரை மொத்தமாகக் கட்டி விட்டாய் என்றால் பெரிய கம்பெனிதான் எடுக்கும், எடுத்து நம் ஊர்ச் சின்னக் கான்ட்ராக்டருக்கே அடிமாட்டு விலைக்கு உள்குத்தகை விடும். அப்புறம் அந்த ஐந்து வருஷப் பராமரிப்பு விஷயத்திலும் நான் பார்த்தது ஒன்று உண்டு, ரோடு போடுவதற்கு நல்ல ரேட் போட்டுவிட்டு, பராமரிப்புக்குச் சும்மா ஒரு தொகையைப் போடுவார்கள். வராமல் இருந்தால் அவர்களுக்கு நஷ்டம் சொற்பம்தான். போட்டோ எடுக்க வேண்டிய இன்ஜினியர் கையில் ரோடுகள் குவிந்து கிடக்கும், அவரும் மனுஷன்தானே, ஜீப் போகிற இடத்துக்குப் போவார். ஒருமுறை குழி அடைக்க வந்த குழுவைப் பார்த்தேன். மினி லாரி, ஒரு தார் டிரம், மூன்று பையன்கள். விதிப்படி குழியைச் சதுரமாக வெட்டி, துடைத்து, தார் தெளித்து, கலவை போட்டு இடிக்க வேண்டும். இவர்கள் விளக்குமாற்றால் ஒரு இழுப்பு, பூவாளியால் ஒரு தெளிப்பு, மேலே கலவை, அதற்கு மேலே லாரிச் சக்கரத்தை முன்னும் பின்னும் விட்டார்கள். போட்டோ மட்டும் அழகாக எடுத்தார்கள், ஜி.பி.எஸ்-ஓடு.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. தார் வேலையைக் கான்ட்ராக்டருக்கு விடு, தாராளமாக, ஐந்து வருஷப் பொறுப்போடு. தண்ணீர் வேலையை அதிலிருந்து பிரித்து, ரோட்டோரத்தில் குடியிருக்கிறவர்களிடம் கிலோமீட்டருக்கு மாதம் இவ்வளவு என்று பேசிக் கொடு. பெரு நாட்டு மலைக் கிராமங்களில் தொண்ணூறுகளின் நடுவிலிருந்து இப்படிச் செய்கிறார்கள். ரோட்டோரத்து ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து சின்ன நிறுவனமாகப் பதிந்துகொண்டு, மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்வார்கள், நிலைமையைப் பார்த்து மாதச் சம்பளம். உத்தராகண்ட், இமாச்சலம் பக்கம் மகளிர் குழுக்களுக்கும் இப்படி ஓர வேலையைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் குழுக்களுக்கா பஞ்சம்? நூறு நாள் வேலையில் செய்தால் என்ன என்று நீ கேட்பாய். செய்தார்கள், ஓரம் வெட்டி அழகாகக் கோலம் போட்ட மாதிரி வைத்தார்கள், சித்திரையில். அந்த வேலை நிதி வரும்போது வரும், மழை வரும்போது வராது.

முதல்வரின் கிராமச் சாலைகள் திட்டம் என்று 2023-இல் 4,000 கோடி ரூபாயில் 10,000 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள் இல்லையா, நல்லதுதான், பல ஊரில் ரோடு பளபளவென்று ஆகியிருக்கிறது. இதில் எத்தனை கிலோமீட்டருக்கு மழையில் மண்வெட்டி தூக்க ஆள் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டால் ஆபீசில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ரிட்டையர் ஆன ஆளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைப்பு.

இப்போது உன் நகரத்தார் சங்கத்து விஷயம். எல்லாரும் சேர்ந்து பணம் போட்டு அந்த ரோட்டுக்குத் தார் போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். தாருக்கு அரசு இருக்கிறது, மனு கொடுத்து, நடந்து, என்றைக்காவது வாங்கிவிடலாம், அந்த நடை என் பொறுப்பு. உங்கள் பணத்தில் புரட்டாசிக் கடைசியிலிருந்து மார்கழி வரை ஊரில் இரண்டு பேருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். ஊருணி வளைவிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் ஓரம் வெட்டுவது, மூன்று குழாய்ப் பாலத்தையும் அடைப்பெடுப்பது, மழையன்று ஒரு நடை நடந்து பார்ப்பது. அவ்வளவுதான் வேலை. ஆடு மேய்க்கும் பெரியவரின் மகன் சம்மதித்துவிட்டான், இன்னொருவர் குழுவிலிருந்து வருவார். ரோடு ஒன்றியத்துக்குச் சொந்தம் என்பதால் வட்டார வளர்ச்சி அலுவலர் பி.டி.ஓ.விடம் ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், அதை எழுதி வைத்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு குன்றக்குடிக்கு நடந்து போகிற நம் ஊர்க் காவடிக்காரர்களும் இந்த வழியாகத்தான் போவார்கள், அவர்கள் காலும் பிழைக்கும்.

ஒரே சிக்கல், பணம் போடுகிறவர்கள் பெயர்ப்பலகை கேட்பார்கள். தார் போட்டால் ரோடு முனையில் பளிங்குக்கல் வைக்கலாம், வாய்க்கால் வெட்டியதற்கு எங்கே வைப்பது? அதற்குச் சமாதானம் நீதான் சொல்ல வேண்டும், சங்கத்தில் உன் பேச்சு எடுபடும். ஆவணி முடிவதற்குள் தெரியப்படுத்து, ஆட்களிடம் சொல்லி வைக்க வேண்டும்.

ஆச்சியைக் கேட்டதாகச் சொல். அடுத்த முறை வரும்போது பெரிய ரோட்டு முனையில் காரை நிறுத்திவிட்டுப் போன் பண்ணு, நான் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து கூட்டிப்போகிறேன்.

அன்புடன்,
கருப்பையா