ஹாரா கோட்டை வரை என்னோடு வந்தவர்களுக்கு

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நம் வாசகர் வட்டத்தில் ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் நடந்த ஷிமாபாரா விவசாயிகள் எழுச்சி பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பலரும் என்னைப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டு போய்ச் சேரவேண்டியவர்கள் வேறு சிலர்.

முதலில் நாகசாகியில் இருக்கும் தோழி. இரண்டு நாள் லீவு போட்டு மினாமி ஷிமாபாராவுக்குக் காரில் கூட்டிப்போனாள். "சாமுராய் கதை வேணும்னா முதல்ல இந்த வயலைப் பாரு" என்றாள். அங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 1637-இல் மட்சுகுரா கட்சுயியே என்ற கொடிய பிரபுவை எதிர்த்து எழுந்த விவசாயிகளுக்கு முன்னால் நின்றவர்கள், அரிமா, கொனிஷி குலங்களிடம் முன்பு சேவகம் செய்து, எசமானை இழந்தபின் ஏர் பிடித்த பழைய சாமுராய்கள். விளைந்ததையெல்லாம் வரி என்று அள்ளினான் கட்சுயியே. கட்ட முடியாதவர்கள் மேல் 'மினோ' என்ற வைக்கோல் மழையங்கியைக் கட்டித் தீ வைத்தார்கள். அவர்கள் துடித்த துடிப்புக்கு 'மினோ ஆட்டம்' என்று பெயர். டச்சு வணிகர் எழுதிவைத்த அந்தக் குறிப்பை எனக்கு வரிவரியாகத் தமிழில் சொன்ன அக்காவுக்கு: நடுவில் இரண்டு தடவை குரல் உடைந்து நிறுத்தினீர்கள். அதற்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

எழுந்தவர்கள் கடைசியில் அடைபட்டுப் போராடிய ஹாரா கோட்டையின் மேட்டில் நின்ற முதியவரின் பெயரைக் கேட்க விட்டுப்போனது. அவர் கடலுக்குள் கைநீட்டிக் காட்டிய சின்னத் தீவு யுஷிமா. ஷிமாபாராக்காரர்களும் எதிர்க்கரை அமாகுசாக்காரர்களும் ரகசியமாகக் கூடிப் பேசிய இடம் என்பதால் அதற்குத் 'தங்கோஜிமா', கலந்துபேசிய தீவு, என்றும் பெயர். பதினாறு வயசுப் பையன் அமாகுசா ஷிரோவைத் தலைவனாக ஏற்றார்கள். அவன் அப்பாவும் கொனிஷியின் பழைய ஆள்தான். இவ்வளவு பக்கத்தில் அந்தத் தீவு தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை.

அருங்காட்சியகத்தில் அந்தச் சின்ன ஈயச் சிலுவை முன்னால் நான் நின்றுகொண்டே இருந்தபோது அவசரப்படுத்தாத ஊழியருக்கும் நன்றி. எழுந்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள்; முற்றுகைக்குள் மாட்டிய அவர்கள் துப்பாக்கிக் குண்டை உருக்கி வார்த்தது என்கிறார்கள். வெளியே லட்சத்துக்கும் மேற்பட்ட படை. உள்ளே குண்டு அத்தனை அருமையான பொருள்; அதைப் போய் சிலுவையாக்கியிருக்கிறார்கள்.

கட்சுயியே தப்பிவிட்டான் என்று என் குறிப்பில் இருந்த பிழையைத் திருத்திய ஆசிரியர் ஐயாவுக்குத் தனி நன்றி. கோட்டை விழுந்த 1638-லேயே அவன் தலையை அரசே வாங்கியது. எடோ காலத்தில் (1603–1868, ஷோகன்கள் ஆண்ட காலம்) அப்படித் தலை வெட்டப்பட்ட பிரபு அவன் ஒருவன்தான். உள்ளே மாண்டவர்கள் சுமார் 37,000 பேர் என்பது வழக்கமான கணக்கு. அவன் தலை போனதோடு கணக்கு தீர்ந்தது என்பது உங்கள் கருத்து; அத்தனை உயிருக்கு அந்த ஒரு தலை ஈடாகாது ஐயா. இதில் மட்டும் உங்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

நாற்காலி போட்ட தம்பிகளுக்கும் சுக்குக்காப்பி கொண்டுவந்த அத்தைக்கும் நன்றி. யுஷிமா படத்தைக் கேட்டவர்களுக்குப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.