சிபாப் கருவியை விற்பதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறட்டையையும் உறக்கத்தில் ஏற்படும் மூச்சுத்தடையையும் பற்றிய கட்டுரைகள் தமிழ் நாளிதழ்களில் இப்போது அடிக்கடி வெளிவருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மருத்துவர் சொன்னால் சிபாப் கருவி (உறங்கும்போது முகத்தில் அணியும் மாஸ்க் வழியாக இடைவிடாமல் காற்றைச் செலுத்துவது) பொருத்திக்கொள்ளுங்கள் என்பதோடு நின்றுவிடுகின்றன. நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் உண்மையான சிரமம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையிலும், பல ஆண்டுகளாக இக்கருவியுடன் உறங்கும் ஒருவரின் மனைவி என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவி சில வாரங்களிலேயே பரணுக்குப் போய்விட்ட வீடுகள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே உண்டு. அவர்களில் எவரும் சிகிச்சையில் நம்பிக்கை இழந்து அதை ஒதுக்கியவர்கள் அல்லர். மூக்குத் தண்டில் புண், கண்ணில் காற்று அடிப்பது, விடியும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்வது, வயிறு உப்புசம், குழாயில் தண்ணீர் கோத்துக்கொண்டு எழுப்பும் களகளச் சத்தம் என ஏறக்குறைய எல்லாமே சரிசெய்யக்கூடிய காரணங்கள்தாம். சரிசெய்ய ஓர் ஆள் இல்லை என்பதே குறை. கருவியைக் கொண்டுவந்து கொடுத்தவர் விசையைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பேசி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது.

இச்சிகிச்சை 1981ஆம் ஆண்டில் சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவனும் அவர் குழுவினரும் 5 நோயாளிகளைப் பற்றி ‘தி லான்செட்’ இதழில் எழுதியதன் வாயிலாக உலகுக்கு அறிமுகமானது. உறக்கத்தில் தளர்ந்து ஒட்டிக்கொள்ளும் தொண்டைத் தசைகளை, இடைவிடாமல் செலுத்தப்படும் காற்றின் அழுத்தம் உள்ளிருந்து தாங்கிப் பிடிக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அது ஆக்சிஜன் கொடுக்கும் கருவியும் அன்று, நோயை நிரந்தரமாக நீக்கும் மருந்தும் அன்று. மாட்டியிருக்கும் நேரத்தில் மட்டுமே பயன் தரும் ஒரு பொருளை மாட்டிக்கொள்ள முடியாத நிலையில் விட்டுவிட்டால், அதை வாங்கியும் வாங்காததும் ஒன்றே. தொடக்க காலத்தில் மூக்கு மாஸ்க்கை இரவுதோறும் பசை வைத்து ஒட்ட வேண்டியிருந்ததாம். அந்த நோயாளிகளின் பொறுமையை வியக்கிறேன். இன்றைய மென்மையான சிலிக்கான் மாஸ்க்குடன் நாம் தோற்கத் தேவையில்லை.

மாஸ்க்கைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொல்லைகளில் பெரும்பகுதி அங்கிருந்தே பிறக்கிறது. கடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கருவியை ஓடவிடாமல், ஒரே ஒரு மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறோம். செருப்பைக் கூட நாலு அடி நடந்து பார்த்துத்தான் வாங்குகிறோம். படுத்தால் கன்னமும் தாடையும் வேறு வடிவம் கொள்கின்றன. காற்றழுத்தம் ஏறினால் சிலிக்கான் விளிம்பு உப்பித்தான் முகத்தோடு படிகிறது. ஆகவே படுத்த நிலையில், கருவி ஓடும்போது, ஒருக்களித்தும் பார்த்தே பட்டைகளைச் சரிசெய்ய வேண்டும். காற்று கசிந்தால் பட்டையை இழுத்து இறுக்குவதே எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. இறுக்க இறுக்க அந்த விளிம்பு மடிந்து கசிவு கூடும், மூக்குத் தண்டில் புண்ணும் வரும். முகத்திலிருந்து மாஸ்க்கை மெல்லத் தூக்கி, காற்று நிரம்பிய பின் மீண்டும் படியவிட்டாலே பல நேரங்களில் கசிவு அடங்கிவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பவருக்குச் சிலிக்கான் வழுக்கும். நாளடைவில் விளிம்பும் பட்டையும் கெட்டுப்போகும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், காலையில் மாஸ்க்கை மென்மையான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துவதும் போதும். தடித்த மீசை உள்ளவர்களுக்கு நாசித் துவாரத்தில் பொருந்தும் சிறிய வகை ஒத்துவரலாம். மாஸ்க்கின் முன்புறத்தில் உள்ள நுண்துளைகள் வெளிவிடும் மூச்சு வெளியேறுவதற்காக வைக்கப்பட்டவை. அவற்றைக் கசிவென்று எண்ணி ஒட்டுப்பட்டை போட்டு அடைப்பது ஆபத்தானது. காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்கை வாங்கும் முன், அணிபவருக்கும் அருகில் படுப்பவருக்கும் பேஸ்மேக்கர் முதலியவை பொருத்தப்பட்டுள்ளனவா என்று கேட்பது விற்பவரின் கடமை.

வாய் உலர்ந்துபோவதற்கு, மூக்கு வழியே செல்லும் காற்று திறந்த வாய் வழியே வெளியேறுவதே பெரும்பாலும் காரணம். உடனே முகம் முழுவதையும் மூடும் பெரிய மாஸ்க்குக்கு மாற்றிவிடுவது விற்பனையாளருக்கு எளிது. ஆனால் வாய் ஏன் திறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வாமையாலோ மூக்கின் நடுத்தண்டு வளைந்திருப்பதாலோ மூக்கடைப்பு இருந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் அதைக் கவனித்த பின் பழைய மாஸ்க்கே போதுமானதாகிவிடக்கூடும்.

காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் தொட்டியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் வெண்படலம் படிவதைச் சமையலறைப் பாத்திரங்களிலேயே பார்க்கிறோம். மீதமுள்ள நீரை நாள்தோறும் கொட்டித் தொட்டியை உலர வைக்க வேண்டும். பழைய நீரில் மேலும் ஊற்றி நிரப்புவது கூடாது. ஏசி அறையில் குழாய்க்குள் நீர் கோத்தால், கருவியைத் தலைமட்டத்துக்குக் கீழே வைத்து, குழாயைப் போர்வைக்குள் கொண்டுவந்து, ஈரப்பத அளவை ஒருபடி குறைத்துப் பார்க்கலாம்.

மூச்சு முட்டுகிறது என்று சொல்பவர்களிடம் பொறுமையாக விசாரிக்க வேண்டும். அழுத்தம் மிகுதியாக இருப்பதால்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம். இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. உறங்கும் வரை அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் ‘ராம்ப்’ என்ற வசதி, கருவி தரக்கூடிய குறைந்தபட்ச அழுத்தமான 4 சென்டிமீட்டர் நீர் அளவில் (இக்கருவியின் காற்றழுத்தத்தைக் குறிக்கும் அலகு இது) தொடங்கினால், பருமனான உடல்வாகு உள்ள சிலருக்கு அந்தக் காற்றே போதாது. மாறாக, மூச்சை வெளிவிடச் சிரமப்படுபவருக்கும், காற்றை விழுங்கி வயிறு உப்பிப்போகிறவருக்கும், வெளிமூச்சின்போது அழுத்தத்தைத் தணிக்கும் அமைப்பு உதவலாம். சிகிச்சைக்குரிய அழுத்தத்தை மருத்துவரைக் கேளாமல் மாற்றக் கூடாது. மாஸ்க்கைக் கண்டாலே படபடப்பு வருபவர்கள், பகலில் செய்தித்தாள் படிக்கும்போது சிறிது நேரம் அணிந்து பழகிய பின் இரவுக்குக் கொண்டுசெல்வது நல்லது.

இவ்வளவையும் ஊகித்துத்தான் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. உறக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்கிறது அல்லது குறைகிறது என்பதே இந்நோயின் அளவுகோல். 5 முதல் 15 வரை லேசானது, 30ஐத் தாண்டினால் கடுமையானது. இன்றைய கருவிகளில் பெரும்பாலானவை இந்த எண்ணிக்கையையும், கசிவின் அளவையும், அணிந்திருந்த நேரத்தையும் ஒவ்வோர் இரவும் பதிவு செய்கின்றன. நுரையீரல் நிபுணரோ பயிற்சி பெற்ற பணியாளரோ சில நிமிடங்கள் அதைப் பார்த்தால், கோளாறு மாஸ்க்கிலா, அழுத்தத்திலா, அல்லது தொண்டை திறந்திருந்தும் மூளையின் கட்டளை தவறுவதால் நிற்கும் வேறு வகை மூச்சுத்தடையா என்று பிரித்தறிய வழி கிடைக்கும். எண்ணிக்கை 5க்குக் கீழே வந்த பின்னும் பகலில் தூங்கி வழிபவருக்குத் தைராய்டு, ரத்தசோகை, உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இப்பதிவுகள் சேரும் கருவியின் சிறிய நினைவக அட்டையை எவரும் ஒருமுறை கூட எடுத்துப் பார்க்காத நோயாளிகளே எனக்குத் தெரிந்தவர்களில் மிகுதி.

அணியும் நேரம் எத்துணை முக்கியம் என்பதற்கு ஒரு சான்று. ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதம் போன்ற மூளை ரத்தநாள நோயோ இருந்த 2,700க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ‘சேவ்’ ஆய்வில், இக்கருவி மாரடைப்பு போன்ற பாதிப்புகளைக் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் இரவில் அதை அணிந்திருந்த நேரம் சராசரியாக 3.3 மணி மட்டுமே. அத்தனை குறைந்த பயன்பாட்டிலும் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன. அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டில், முதல் 3 மாதங்களுக்குள் ஏதேனும் தொடர்ச்சியான 30 நாட்களில், 70 விழுக்காடு இரவுகளில் 4 மணி நேரமாவது அணிந்திருந்தால்தான் தொடர்ந்து பணம் தருகிறார்கள். பழகிக்கொள்ள முடியாத ஏழையைத் தண்டிக்கும் அந்தக் கண்டிப்பு எனக்கு உவப்பானதன்று. ஆயினும், முதல் 3 மாதங்களில் யாரோ ஒருவர் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஏற்பாடு அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கருவியைப் பரிந்துரைக்கும் மருத்துவமனைகள், முதல் வாரத்தில் ஒரு தொலைபேசி விசாரிப்பையும், முதல் மாத முடிவில் பதிவுகளைப் பார்க்கும் ஒரு சந்திப்பையும் சிகிச்சையின் பகுதியாகவே வைக்க வேண்டும். விற்பவர்கள், முதல் மாதத்துக்குள் பொருந்தாத மாஸ்க்கை வேறு அளவுக்கோ வகைக்கோ மாற்றித் தர எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் வாய்ப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோடை இரவின் மின்தடைக்கு என்ன செய்வது, இன்வெர்ட்டரில் ஓடுமா, ஹியூமிடிஃபையரை நிறுத்தினால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும் என்பதையெல்லாம் விற்கும் நாளிலேயே விளக்க வேண்டும்.

அரசுக்கும் ஒன்று. 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுசெல்கிறார்கள். இவ்விரு நோய் உள்ளவர்களிடம் உறக்க மூச்சுத்தடை மிகுதியாகக் காணப்படுகிறது. வீட்டில் சிபாப் கருவி இருக்கிறதா, நேற்று இரவு அணிந்தீர்களா, இல்லையென்றால் என்ன தொல்லை என்ற கேள்விகளை அவர்களின் படிவத்தில் சேர்த்து, இல்லை என்று சொல்பவர்களை அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யும்படி சுகாதாரத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.