கொழும்பில் பார்சல் கொண்டுபோகப்போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி கஜன்,

வவுனியாவில் "வைரவபுளியங்குளம், கோயிலுக்குப் பின்னால்" என்று எழுதினாலே பார்சல் போய்ச் சேர்ந்துவிடும். கொழும்பில் அது நடக்காது. இங்கே ஓர் இடத்துக்குத் தமிழில் ஒரு பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் இன்னொரு பெயர். பெட்டியில் எந்தப் பெயர் இருக்கும் என்பது அனுப்பியவரைப் பொறுத்தது. பைக்கில் ஏற முதலே சிலதைப் பாடமாக்கி வையும்.

முதலில் செட்டியார் தெரு. கொழும்பு 11 (இந்த இலக்கம் தபால் வலயம்), நகைக்கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. சிங்களத்தில் ஹெட்டி வீதிய. அது பரவாயில்லை, காதில் விழுந்தவுடன் விளங்கும். ஆங்கில முகவரியிலோ அது "சீ ஸ்ட்ரீட்", அதாவது கடல் தெரு. புதுப் பெடியன்கள் அதைப் பார்த்துவிட்டுக் கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் பைக்கைத் திருப்புவார்கள். நீர் திருப்பாதேயும்.

புதுக்கடை அதைவிட மோசம். ஆங்கிலத்தில் ஹல்ஃப்ஸ்டோர்ப். 1656 இல் ஒல்லாந்தர் கொழும்பை முற்றுகையிட்டிருந்தபோது இறந்த அவர்களின் தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்டின் பெயர் அது. சிங்களத்தில் அளுத்கடே, தமிழ்ப் பேப்பர்கள் ஒருநாள் புதுக்கடை என்றும் மறுநாள் அளுத்கடை என்றும் எழுதும். எல்லாம் நீதிமன்றங்கள் இருக்கும் அதே கொழும்பு 12 தான். ஆபத்து எங்கே என்றால், கொழும்பு 15 இல் அளுத்மாவத்தை இருக்கிறது. களுத்துறையும் தாண்டி, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே அளுத்கமையும் இருக்கிறது. வீதி இரைச்சலில் போன் கதைத்தால் "அளுத்" மட்டும்தான் காதில் விழும். மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு உறுதிப்படுத்தாமல் வெளிக்கிடாதேயும்.

கொச்சிக்கடைக்குத்தான் அதிகம் கவனம் வேண்டும். கொழும்பு 13 இல் அந்தோனியார் கோயில் இருக்கும் இடம் கொச்சிக்கடை. நீர்கொழும்புக்கு அங்கால், புத்தளம் ரயில் பாதையில், சொந்தமாக ஸ்டேசனோடு இருக்கும் ஊரும் கொச்சிக்கடை. இரண்டுக்கும் இடையில் 40 கிலோமீட்டர் அளவு. மூன்று மொழியிலும் ஒரே பெயர் என்பதால் எழுத்தைப் பார்த்துப் பிடிக்க வழியில்லை. இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். கொழும்பு 13 என்றால் தபால் குறியீடு 01300. நீர்கொழும்பு 11500, அந்தப் பக்கத்து ஊர்களுக்கும் 11 இல்தான் தொடங்கும். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது: கொழும்பு 11 இன் குறியீடு 01100. கொம்பியூட்டரில் அட்டவணையாக அடிக்கும்போது முன்னால் உள்ள பூச்சியம் விழுந்துவிடும். 01100 வெறும் 1100 ஆகவும், வெள்ளவத்தையின் 00600 வெறும் 600 ஆகவும் லேபலில் வரும். நான்கு இலக்கமோ மூன்று இலக்கமோ கண்டால் முன்னால் பூச்சியத்தைப் போட்டு வாசியும். கோயில் பக்கத்துக் கொச்சிக்கடைக்குச் செவ்வாய்க்கிழமை பார்சல் இருந்தால் காலையிலேயே முடித்துவிடும். பிறகு சனத்துக்குள் பைக் நகராது.

அடுத்த இரட்டையர் புறக்கோட்டையும் பிட்டகோட்டேயும். புறக்கோட்டையைச் சிங்களத்தில் பிட்டகொட்டுவ என்பார்கள், பஸ் கொண்டக்டர்கள் கூவுவதும் அதுதான். பிட்டகோட்டே இருப்பதோ ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டேயில், பாராளுமன்றம் இருக்கும் பக்கம். ஆங்கில எழுத்தில் அவசரமாகக் கிறுக்கினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தமிழிலும் கோட்டை, கோட்டே என்று கடைசி எழுத்துத்தான் வித்தியாசம். போதாக்குறைக்கு, கோட்டை ரயில் ஸ்டேசன் நிற்பது புறக்கோட்டை ஓரத்தில்.

கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் "ஸ்லேவ் ஐலண்ட்" என்று எழுதிவந்தார்கள். ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால் வந்த பெயர். இப்போது பார்த்தால் தீவும் இல்லை. பேரே வாவிக் கரையில் ஒரு நகர்ப்புறம், கொழும்பு 2. அந்த ஆங்கிலப் பெயரை 2023 இல் அரசாங்கம் கைவிடச் சொன்னதில் எனக்குக் கவலையில்லை, ஆனால் பழைய பில்களிலும் மேப்களிலும் அது இன்னும் கிடக்கிறது, தெரிந்து வைத்திரும். கல்கிசைதான் மவுண்ட் லவினியா. மோதரை, முகத்துவாரம், முட்வால் மூன்றும் கொழும்பு 15. மட்டக்குளியும் அங்கேதான், கிறுக்கெழுத்தில் அதை மட்டக்களப்பு என்று வாசித்து வேறு மூட்டையில் போட்டுவிடாதேயும்.

கொழும்பு 13 இல் வோல்ஃபெண்டால் என்று ஒரு பெயரைக் காண்பீர். ஒல்லாந்து மொழியில் அது ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாய் ஏது, நரியைப் பார்த்திருப்பார்கள். அதே வட்டாரத்தில் தமிழில் ஆட்டுப்பட்டித்தெரு என்றும் ஒரு பெயர் புழங்குகிறது. யார் யாருக்குப் பயந்து குடியிருந்தார்களோ!

வீதிகளுக்கு வருவோம். பலகையில் ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்று இருக்கும். கேட்டால் சனம் டூப்ளிகேஷன் ரோட் என்றுதான் சொல்லும், காலி வீதிக்குச் சமாந்தரமாகப் போட்ட வீதி. பௌத்தாலோக மாவத்தையைப் பழைய ஆட்கள் புல்லர்ஸ் ரோட் என்பார்கள். டி சொய்சா சுற்றுவட்டம் என்று விசாரித்தால் ஓட்டோக்காரர் முழிப்பார். லிப்டன் சேர்க்கஸ் என்றால் உடனே கை காட்டுவார். பலகைப் பெயரை முகவரியில் வையும், பழைய பெயரை வாயில் வையும்.

வீட்டு இலக்கத்தில் சாய்கோடு வந்தால், 45/3 என்பது 45 ஆம் காணியைப் பிரித்ததில் வந்த ஒரு வீடு. பெரும்பாலும் உள்ளுக்குப் போகும் ஒழுங்கையில் இருக்கும், வீதியில் நின்று தேடினால் கிடைக்காது. 45 க்குப் பிறகு தனியாக 1/1 என்று இருந்தால் அது முதலாம் மாடி; லிஃப்ட் வேலை செய்யுமா என்று அப்போதே கேட்டு வையும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பார்சல்களுக்குப் போன் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: காலி வீதியில் கடல் பக்கமா, தரைப் பக்கமா? அதன் பிறகுதான் ஒழுங்கையின் பெயர். தெஹிவளைக் கால்வாய்ப் பாலம் தாண்டிய பிறகும் "கொழும்பு 6" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றும் கேளும்.

அன்புடன்,
அண்ணன்