பைன் காட்டை அழிச்சது ஏழைங்க இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல அமெரிக்கக் காடுகள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், மத்த பகுதி எல்லாம் நல்லாவே இருந்துச்சு. ஆனா தெற்கு மாநிலங்கள் பத்தின இடத்துல, அங்க இருந்த படிப்பில்லாத ஏழை ஜனங்க வருஷா வருஷம் காட்டுக்கு தீ வச்சே பைன் மரத்தையெல்லாம் அழிச்சிட்டாங்க, அப்புறம் அரசாங்கமும் கம்பெனிகளும் வந்து மரம் நட்டு காப்பாத்தினாங்கன்னு ரெண்டு பாராவுல முடிச்சிட்டாங்க. நான் தெற்கு ஜார்ஜியாவுல ஒரு சின்ன ஊர் ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருக்கேன் சார். இங்க நடந்தது கிட்டத்தட்ட அதுக்கு நேர் எதிர்.

இங்க இருந்தது லாங்லீஃப் பைன்னு ஒரு மரம். வர்ஜீனியாவுல ஆரம்பிச்சு டெக்சாஸ் கிழக்கு வரைக்கும் சுமார் 9 கோடி ஏக்கர். நம்ம மனசுல இருக்குற அடர்ந்த காடு மாதிரி இல்ல, மரத்துக்கு மரம் நல்ல இடைவெளி, நடுவுல வெயில் விழும், கீழ இடுப்பளவு புல்லு. 1990கள்ல கணக்கு பாத்தப்போ சுமார் 30 லட்சம் ஏக்கர்தான் மிச்சம். ஏழை விவசாயி நாலு தீக்குச்சி கிழிச்சா இவ்ளோ காடு போகுமா?

உள்நாட்டுப் போர் 1865-ல முடிஞ்சப்போ தெற்கு ஓட்டாண்டியா கிடந்துச்சு, நிலம் அடிமாட்டு விலைக்கு போச்சு, வடக்குல இருந்து பணக்காரங்களும் மரக் கம்பெனிகளும் வந்து லட்சக்கணக்குல ஏக்கர் வாங்கினாங்க. 1880-ல இருந்து 1920கள் வரைக்கும் ரயில் பாதைய காட்டுக்குள்ளயே போட்டு, ஒரு ஏரியாவ மொட்டை அடிச்சிட்டு மில்லை கழட்டிட்டு அடுத்த ஏரியாவுக்கு போயிட்டே இருந்தாங்க. மரம் போன எடத்துல வேலையும் போச்சு, ஜனங்க மட்டும் அங்கயே கிடந்தாங்க.

இன்னொரு பக்கம் டர்பன்டைன். மரத்த கீறி பிசின் எடுத்து, காய்ச்சி டர்பன்டைன் எண்ணெய் எடுக்குற தொழில், ஜார்ஜியாவோட சவானா துறைமுகத்துல வைக்கிற விலைதான் ஒரு காலத்துல உலக விலை. மொதல்ல மரத்தோட அடியிலயே குழி வெட்டி பிசின் பிடிப்பாங்க, அதுல மரம் சீக்கிரம் செத்துடும், காத்தடிச்சா சாஞ்சிடும். 1900கள் ஆரம்பத்துல சார்லஸ் ஹெர்ட்டின்னு ஒரு வேதியியல்காரர் கப்பு மாட்டி பிசின் பிடிக்கிற முறைய கொண்டு வந்தார். (இதே மனுஷன்தான் 1930கள்ல தெற்கு பைன்ல நியூஸ்பேப்பர் காகிதம் பண்ணலாம்னு சவானாவுல லேப் வச்சு நிரூபிச்சார். ஒரு கையால மரத்த காப்பாத்தி இன்னொரு கையால பேப்பர் மில்லுக்கு வழி காட்டின ஆளு, அவர பத்தி தனிக் கட்டுரையே போடலாம்.)

டர்பன்டைன் வேலைய செஞ்சவங்க பெரும்பாலும் கறுப்பின ஜனங்க. காட்டுக்குள்ளயே கேம்ப், கம்பெனி கடையிலதான் சாமான் வாங்கணும், கடன் தீரவே தீராது, கடன வச்சிட்டு ஓடினா போலீஸ வச்சு பிடிச்சிட்டு வருவாங்க. கைதிகளையும் இந்த கேம்புகளுக்கு வாடகைக்கு விட்டாங்க. மார்ட்டின் டாபர்ட்னு வடக்கு டகோட்டாவுல இருந்து வந்த 22 வயசு வெள்ளைக்கார பையன், டிக்கெட் இல்லாம ரயில் ஏறினதுக்கு ஃப்ளோரிடாவுல பிடிபட்டு மரக் கேம்புக்கு அனுப்பப்பட்டு 1922-ல சாட்டையடியில செத்துப் போனான். அந்த சத்தத்துலதான் 1923-ல ஃப்ளோரிடாவுல கைதிகள வாடகைக்கு விடறத நிறுத்தினாங்க. அதுக்கு முன்னாடி செத்த கறுப்பின ஜனங்களுக்கு யாரு சத்தம் போட்டா?

என் வீட்டு ஓனர் அம்மாவுக்கு 80 வயசுக்கு மேல, கேம்புல பொறந்தவங்க. நான் அவங்கள மேம்னுதான் கூப்பிடுவேன், இந்த ஊர்ல பெரியவங்கள அப்படித்தான் கூப்பிடணும், அவங்க என்னை பேபின்னு கூப்பிடுவாங்க, எனக்கு 46 வயசு! அவங்க தாத்தா காலத்துல சம்பளமே காசு கிடையாதாம், கம்பெனி கடையில மட்டும் செல்லுற டோக்கன். அப்பா காலத்துல காசு வந்துச்சு, ஆனா வாரக் கடைசியில கடைக்காரன் நோட்ட பாத்து கழிச்சிட்டு மிச்சத்த கொடுப்பானாம். செருப்பு குளிருக்கு மட்டும்தான். வெறுங்காலோட திரிஞ்சு கொக்கிப்புழு வந்து ரத்தம் இல்லாம சோர்ந்து கிடந்த தெற்கத்தி ஜனங்களத்தான் சோம்பேறிங்கன்னு நாடே சிரிச்சுச்சு, 1909-ல எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லர் பணத்துல டாக்டருங்க வந்து பாத்தப்புறம்தான் அது வியாதின்னு வெளிய தெரிஞ்சுச்சு. புழுவுக்கும் சளிக்கும் வீட்டுல மருந்து என்னன்னு கேட்டேன், சக்கரையில ரெண்டு சொட்டு டர்பன்டைனாம். கறி வேணும்னா கோஃபர் ஆமை, மண்ணுல வளை தோண்டி வாழுற ஆமை அது. 1930கள் பஞ்ச காலத்துல, பிரசிடென்ட் ஹூவர் பேர வச்சு அத ஹூவர் கோழின்னு கிண்டலா சொல்லுவாங்களாம். இன்னிக்கு அந்த ஆமைய தொட்டா கேஸ்.

இப்ப தீ விஷயத்துக்கு வரேன், இதுதான் முக்கியம். ஆமா, அந்த ஜனங்க தீ வச்சாங்க. குளிர் முடியுற நேரத்துல, பிப்ரவரி மார்ச்ல, தரையோட தரையா சின்ன தீ. புதுப் புல்லு முளைக்கும், மாடு மேயும், உண்ணியும் பாம்பும் குறையும். அவங்களுக்கு முன்னாடி செவ்விந்திய மக்கள் வச்சாங்க, அதுக்கும் முன்னாடி மின்னல் வச்சுது. லாங்லீஃப் நாத்து சில வருஷம் புல்லுக் கொத்து மாதிரியே தரையோட இருக்கும், நடுவுல இருக்குற மொட்ட சுத்தி ஊசி இலை மூடியிருக்கும், தீ மேல ஓடினாலும் மொட்டு பிழைச்சிடும், அதுக்குள்ள வேரு ஆழமா இறங்கிடும், அப்புறம் ஒரே மூச்சுல கிடுகிடுன்னு உயரும். தீ இல்லன்னா ஓக் மரமும் புதரும் மூடி இந்த நாத்து நிழல்லயே செத்துடும். அதாவது தீதான் இந்த காட்டுக்கு தாய்ப்பால்.

இது தெரியாம 1928-ல இருந்து வனத்துறைக்கு ஆதரவான ஆளுங்க லாரியில புரொஜெக்டர ஏத்திகிட்டு ஊர் ஊரா வந்து தீ வைக்காதேன்னு படம் காட்டினாங்க. இதுல உச்சம் என்னன்னா, இந்த ஜனங்க ஏன் தீ வைக்கிறாங்கன்னு கண்டுபிடிக்க வனத்துறை ஜான் ஷேன்னு ஒரு சைக்காலஜிஸ்ட அனுப்புச்சு, அவர் 1940-ல எழுதினதோட சாரம், பாவம் இவங்களுக்கு வேற பொழுதுபோக்கு இல்ல, அதான் தீ வைக்கிறாங்க. ஓனர் அம்மாகிட்ட சொன்னேன், "பொழுது போகலையா? எங்களுக்கு தூங்கவே பொழுது இல்ல பேபி"ன்னாங்க.

அதே நேரத்துல ஜார்ஜியாவுல தாமஸ்வில் பக்கம் காடைப் பறவை வேட்டைக்கு எஸ்டேட் வச்சிருந்த கோடீஸ்வரங்க, காடை ஏன் குறையுதுன்னு ஹெர்பர்ட் ஸ்டாடர்ட்னு ஒருத்தர வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, அவர் தீ இல்லாததுதான் காரணம்னு 1931-ல புத்தகமாவே எழுதிட்டார். பணக்காரன் எஸ்டேட்ல எரிச்சா அது விஞ்ஞானம், ஏழை எரிச்சா புத்தி கோளாறு. 1990-ல ஃப்ளோரிடா சட்டம் போட்டு திட்டமிட்ட தீய முறைப்படி அனுமதிச்சது, இப்ப அரசாங்கமே எரிக்குது.

அதனாலதான் இன்னிக்கு நல்ல லாங்லீஃப் காடு பாக்கணும்னா முக்கியமா ரெண்டு எடத்துல போய் பாக்கணும், ஒண்ணு அந்த காடை எஸ்டேட், இன்னொன்னு ராணுவ மைதானம். ஃப்ளோரிடாவுல எக்லின் விமானப்படை தளம், இங்க ஃபோர்ட் ஸ்டீவர்ட், குண்டு விழுந்து அடிக்கடி தீ பிடிச்சதால காடு தப்பிச்சுது!

கம்பெனிகள் நட்ட மரம்னு கட்டுரையில புகழ்ந்தது லாங்லீஃப் இல்ல, லாப்லாலி, ஸ்லாஷ்னு வேற ரெண்டு வகை பைன். வரிசையா நெருக்கமா நட்டு, காகிதக் கூழுக்கும் பலகைக்கும் சீக்கிரமே வெட்டிடுவாங்க. சிவப்புக் கொண்டை மரங்கொத்திக்கு 60, 80 வருஷம் ஆன உயிர் மரம் வேணும், அது எங்க போகும்? 1970-ல அழிவின் விளிம்புன்னு பட்டியல்ல போட்ட பறவைய 2024-லதான் ஒரு படி கீழ இறக்கினாங்க. அந்த பேப்பர் பொருளாதாரமும் நிலைக்கல, 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் தோட்டத்தையெல்லாம் சாச்சிடுச்சு, 2025-ல சவானா பெரிய மில்லையே மூடிட்டாங்க.

இப்ப லாங்லீஃப் நட அரசாங்கம் மானியம் கொடுக்குது, பரப்பும் 50 லட்சம் ஏக்கர தாண்டிடுச்சு, சந்தோஷம். ஆனா ஓனர் அம்மா குடும்பத்துக்கு இருக்குற கொஞ்ச நிலம் உயில் எழுதாம செத்துப் போன தாத்தா பேர்லயே இருக்கு, பேரன் பேத்தி எல்லாருக்கும் பொதுப் பங்கு, கறுப்பின குடும்பங்கள்ல இந்த சிக்கல் ரொம்ப சகஜம். பத்திரம் சரியில்லன்னா மானியம் வாங்குறது குதிரைக் கொம்பு. 2018 விவசாய சட்டத்துல கொஞ்சம் தளர்த்தியிருக்காங்க, ஆனாலும் வக்கீலுக்கு பணம் யார் தர்றது?

கட்டுரைய எழுதினவர் மேல எனக்கு கோபம் இல்ல, அவர் படிச்ச ரிப்போர்ட் எல்லாம் வனத்துறை எழுதினதா இருக்கும். ஆனா இது தொகுப்பு புத்தகமா வரப் போகுதுன்னு போட்டிருக்கீங்க, அதுக்குள்ள அந்த ரெண்டு பாராவையும் எடுத்துட்டு புதுசா எழுதச் சொல்லுங்க. தகவல் வேணும்னா நான் அனுப்புறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு வாத்தியார்,
தெற்கு ஜார்ஜியா