ஆகஸ்ட் 15-க்கு ஊருக்கு வா

அன்பு மகள் கயலுக்கு,

ஆகஸ்ட் 15 அன்று ஊர் வாக்காளர்கள் எல்லாரும் கூடும் கிராம சபைக்கு வா என்றதற்கு, "கிராம சபைக்குப் போய் என்னப்பா ஆகப்போகுது" என்று போனில் கேட்டாய். ஊரில் பாதிப் பேர் கேட்பதும் அதுதான்.

ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள நம்மைப் போன்ற ஊராட்சியில் குறைந்தது 100 பேர் வர வேண்டும். முப்பது பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகக் கணக்கு எழுதிவிடும் ஊர்கள் உண்டு. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே தீர்மானப் புத்தகம் வரும். பக்கத்தின் மேல்பாதி காலி, கீழே வரிசையாகக் கையெழுத்து. தீர்மானம் அப்புறம் ஏறும். வேலை போய்விடுமோ என்று யாரும் வாய் திறப்பதில்லை.

அதனால் எழுதி முடித்து, உரக்க வாசித்த பிறகே கையெழுத்துப் போடு. கடைசித் தீர்மானத்துக்குக் கீழே இடம் மிச்சமிருந்தால் குறுக்கே கோடு இழுக்கச் சொல். வரவு செலவுக் கணக்கைக் கேள், அடுத்து அரசு வீட்டுத் திட்டப் பயனாளிகள் பட்டியலை. "தெருவிளக்கு எரியல" என்று வாயால் சொன்னால் "ஆகட்டும்மா"வோடு முடிந்துவிடும். எந்தத் தெரு, எந்தக் கம்பம் என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள். தீர்மான நகல் தராவிட்டால் தகவல் உரிமைச் சட்ட மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். எந்தத் தேதிக் கூட்டம் என்று குறிப்பிடு. பொத்தாம்பொதுவாகக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள்.

இன்னொன்று. ஐந்தாண்டு முடியும் முன்பே உள்ளாட்சித் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். நம் ஊராட்சிகளுக்கு 2016 அக்டோபரில் காலம் முடிந்தது. 27 மாவட்டங்களில் உள்ள ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல், மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். அந்த 27-ல் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும், தலைவர்களுக்குப் பதில் மறுபடி தனி அலுவலர்கள் என்ற பெயரில் அரசு அதிகாரிகள். சட்டமன்றத் தேர்தல் இப்படித் தள்ளிப்போனால் தெருவே கொதிக்கும். இதற்கு டீக்கடையில்கூடப் பேச்சில்லை. "ஆபீசர் இருந்தா சுத்தமா இருக்கும்" என்று படித்தவர்களே சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. ஆபீசர் யாரிடம் ஓட்டுக் கேட்டு வரப்போகிறார்?

உன் பெயர் இன்னும் இந்த ஊர் வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது. சென்னையில் வேலை பார்த்தாலும் நீ சபை உறுப்பினர்தான். முந்தின நாள் ராத்திரி பஸ்ஸுக்கே டிக்கெட் போடு. வரும்போது நாலு கார்பன் தாள் வாங்கி வா, இங்கே கிடைப்பதில்லை.

அப்பா