கோபுரம் ஏன் வெளியே எட்டிப் பார்க்குது?

சத்துவாச்சாரி, வேலூர்.

கண்ணு,

திறந்தா உள்ளேயிருந்து கோபுரம் எழும்புற பொங்கல் வாழ்த்து அட்டைன்னு நீயும் பாப்பாவும் செஞ்சு அனுப்பின படத்தைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். மடிச்ச இடத்துல அட்டை வெடிச்சு வெள்ளையாத் தெரியுது. மூடினா கோபுரத்தோட தலை வெளியே நீட்டிக்கிட்டு நிக்குது. பாப்பா வெட்டினதுல ஒரு குறையும் இல்லை. முதல் தப்பு இழையில, ரெண்டாவது அளவுல.

காகிதத்துக்கு இழை உண்டு. ஆலையில கூழ் ஓடுற திசையிலேயே நாரெல்லாம் படுத்துக்கும். அட்டையை நீளவாக்குல ஒரு தடவை, அகலவாக்குல ஒரு தடவை லேசா வளைச்சுப் பாரு. எப்படி வளைச்சா முரண்டு பிடிக்கலையோ, இழை அந்த வளைவோட முதுகுக்கு இணையா ஓடுது. மடிப்பும் அப்படியே வரணும். குறுக்கே மடிச்சா நார் முறியும், மேல் பூச்சு வெடிக்கும். பெரிய சார்ட்ல இருந்து கைக்கு வந்தபடி வெட்டினா இதுதான் நடக்கும்.

ஏ4 அளவுல ரெண்டு தாள் எடுத்துக்கோ. வெளி அட்டைக்கு 220 இல்லே 250 ஜி.எஸ்.எம். (தாளோட எடைக் கணக்கு), உள்தாளுக்கு 160. ரெண்டுலயும் இழை நீளவாட்டுல ஓடட்டும். ஒவ்வொண்ணையும் 29.7 செ.மீ. பக்கத்துல பாதியா வெட்டு. ரெண்டு வாழ்த்துக்கு ஆச்சு. ஒவ்வொரு துண்டும் 21-க்கு 14.8 இருக்கும். 21-ல் நடுவுல, 10.5-ல், மடிப்பு.

மடிக்கிறதுக்கு முன்னாடி கோடு அழுத்தணும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, இரும்பு ஸ்கேல், அடியில பழைய நோட்டு. ரெண்டு தடவை இழு, தாள் கிழியக் கூடாது. பள்ளம் வெளிப்பக்கமும் புடைச்ச மேடு உள்பக்கமும் வர மாதிரி மடி. நிறைய பேர் இதைத் திருப்பி மடிக்கிறாங்க. பள்ளத்துப் பக்கமா மடிச்சா வெளித்தோல் அதிகமா இழுபட்டு வெடிக்கும். கடைசியா ஸ்பூன் முதுகால தேய்ச்சு விடு.

இப்போ கோபுரம். உள்தாளை மடிச்சு, மடிப்பு விளிம்புல இருந்து 3 செ.மீ. நீளத்துக்கு ரெண்டு வெட்டு, இடையில 4 செ.மீ. வெட்டு முடியுற இடத்துல முன்னும் பின்னும் மடிச்சுப் பழக்கிட்டு, தாளைத் திறந்து நடுத் துண்டை உள்ளே தள்ளு. ஒரு படி எழும்பும். மூடினா இந்தப் படி, வெட்டின நீளத்தைப் போல ரெண்டு மடங்கு தூரம் போகும், அதனால 10.5-ல் பாதியைத் தாண்டி வெட்டவே கூடாது. படியோட முன்முகத்துல ஒட்டுற உருவத்துக்குக் கணக்கு வேற: அதோட அடி மடிப்புல இருந்து 3 செ.மீ. தள்ளி நிக்குது, அதனால 10.5-ல் 3 கழிச்சா 7.5. அதுக்கு மேல போச்சுன்னா தலை வெளியேதான். நீ 9 வெச்சிருக்கே போல. 7 போதும். கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோபுரத்துக்கு ஏழு நிலை, அடியும் கலசமும் போக நிலைக்கு ஒரு செ.மீ.கூட வராது. நிலைகளைக் கத்தரிக்கோல்ல வெட்ட முயற்சி பண்ணாதே, பேனாவால கோடு போட்டா அழகாவே இருக்கும். ஜிகினா வேண்டாம், உதிரும்.

உள்தாளை நாலு பக்கமும் ஒரு மி.மீ. குறைச்சுக்கோ. ஃபெவிகால் ஈரம் தாளைச் சுருட்டிடும். கம் ஸ்டிக் நல்லது. ஃபெவிகால்தான் இருக்குன்னா தீக்குச்சி முனையில தொட்டு ஓரத்துல மட்டும் வை. படிக்குப் பின்னாடி துளி பட்டாலும் படி எழும்பாது. முதல்ல ஒரு பாதியை மட்டும் ஒட்டு. மறு பாதிக்குப் பசை போட்டு, அட்டையை மூடியே அழுத்து. விரிச்சு வெச்சு ஒட்டினா மூடும்போது உள்தாள் புடைச்சுக்கும். மேல நாலு தடிப் புத்தகம், ஒரு மணி நேரம்.

கவருக்கு சாதா ஏ4 தாள்ல 21 செ.மீ. சதுரம் வெட்டி, நடுவுல அட்டையைச் சாய்ச்சு வெச்சு நாலு மூலையையும் மடிச்சா சரியாப் பொருந்தும். மிச்சம் வர 8.7 செ.மீ. துண்டைப் பாப்பாகிட்ட குடு, படி வெட்டிப் பழகட்டும்.

அப்பா