நனைந்த காகிதத்தைக் கொளுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பாதிரிப்புலியூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழைய பேப்பர் கடை நடத்துகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை கரைபுரண்டபோது, குண்டு உப்பலவாடியில் உள்ள என் கிடங்கில் இடுப்பளவு தண்ணீர். நோட்டு, செய்தித்தாள், அட்டை என்று கட்டி வைத்திருந்த சிப்பங்கள் ஊறிப் பூசணம் பிடித்தன. ஆலையில் எடுக்க மறுத்துவிட்டார்கள். மூன்று நாள் வைத்துக் கொளுத்தினேன். தெருப் பிள்ளைகள் இருமியது இன்றும் காதில் நிற்கிறது.

முதுகலை வேதியியல் படிக்கும் என் மகள், "அப்பா, இதைக் கரியாக்கித் தண்ணீரைச் சுத்தம் செய்யலாமே" என்றாள். காகிதம் பெரும்பாலும் செல்லுலோஸ், அதாவது செடிகளின் நார்ப்பொருள். பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து, காற்றுப் புகாத கலத்தில் 500 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டுக் கழுவினால், கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கரி கிடைக்கிறது. நன்றாகச் செய்த கரியில் ஒரு கிராமுக்கு 1,000 சதுர மீட்டர் பரப்புகூட இருக்குமாம். வீட்டு ஃபில்டரில் உள்ள கொட்டாங்கச்சிக் கரியும் இதே வகைதான்.

கல்லூரியில் அவள் செய்து வந்த கரியை, மெத்திலீன் நீலம் என்ற சாயம் கரைத்த தண்ணீரில் போட்டுக் குலுக்கி வடிகட்டினாள். மையாக இருந்த தண்ணீர் தெளிந்து சொட்டியது. ஆசையில் கடை போர்வெல் தண்ணீரையும் வடித்தோம். வாடை போனது, ஆனால் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் எண் இறங்கவே இல்லை. சாயம், பூச்சிமருந்து போன்ற கரிமப் பொருள்களைப் பிடிக்கும் கரி, கரைந்த உப்பை விட்டுவிடும். இதைச் சொல்லாமல் யாரும் இந்தக் கரியை விற்கக் கூடாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் கடுமையாக மாசடைந்ததாக அறிவித்த தொழிற்பகுதிகளில் கடலூரும் ஒன்று. அந்தத் தொழிற்பகுதியை ஒட்டிய உப்பனாற்றங்கரை ஊர்களில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீரின் நிறமும் வாடையும் அன்றாடக் கவலை. அதனால்தான் எழுதுகிறேன். மாநகராட்சியும் உள்ளூர்க் கல்லூரிகளும் சேர்ந்து ஒரு சோதனை நடத்த வேண்டும்.

ஆய்வகத்தில்தான் நடத்த வேண்டும், வீட்டு அடுப்பில் அல்ல. கழுவிய அமிலநீரைச் சாக்கடையில் விட்டால் அதுவே புது மாசு. நஞ்சைப் பிடித்து நிறைந்த கரியை ஆற்றோரம் கொட்டினால் பட்ட பாடெல்லாம் வீண்.

நல்ல காகிதத்தை இதற்கு எடுக்கவும் கூடாது. அதன் நாரை ஐந்தாறு முறையாவது மறுபடி காகிதமாக்கலாம். ஆலை திருப்பியனுப்புவது போதும். அதிலும் கடை பில், ஏடிஎம் சீட்டு வேண்டாம். பலவற்றில் பிஸ்பீனால் என்ற கேடான ரசாயனப் பூச்சு உண்டு. பேப்பர் கப்பில் பிளாஸ்டிக் உறை. வழவழப்பான பத்திரிகைத் தாளில் களிமண் ஏறியிருப்பதால் சாம்பல்தான் மிஞ்சும். கையில் எடுத்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

சோதனைக்கு முன்வரும் கல்லூரிக்கு மாதம் ஐம்பது கிலோ காகிதத்தைத் தரம் பிரித்து, உலர்த்தி, காசு வாங்காமல் நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
பழைய பேப்பர் வியாபாரி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.